கணித அறிஞர் ஸ்டீபன் கோல் கிளேனி

எல்லையற்றதைச் சில குறிகளுள் அடக்கிக் காட்டுதல் கணித சாஸ்திரத்தின் தனிச்சிறப்பாகும். அவ்வாற்றலைக் கணிப்பொறிக்கு வாய்க்கச் செய்தாருள் ஒருவர் ஸ்டீபன் கோல் கிளேனி. இவர் 1909-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள ஹார்ட்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் பொருளாதாரப் பேராசிரியர், தாயார் கவிஞர். அமர்ஸ்ட் கலாசாலையில் பயின்றபின், பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் அலோன்ஸோ சர்ச் என்னும் பேரறிஞரிடம் மாணாக்கராய் அமர்ந்தார்.

'லாம்டா' என்னும் கிரேக்க எழுத்தைக் கொண்டு கணிதச் செயல்களைக் குறிக்கும் முறையொன்றை ஆசிரியர் வகுத்திருந்தார். அம்முறையில் ஓர் எண்ணுக்கு முந்திய எண்ணைக் காணும் வழி எளிதில் புலப்படவில்லை. பல் பிடுங்கிக்கொள்ளச் சென்ற இடத்தில் கிளேனிக்கு அவ்வழி தோன்றிற்று என்பர். 1934-இல் டாக்டர் பட்டம் பெற்று, மறு ஆண்டு விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றி, பின்னர் அங்கேயே திரும்பினார்.

1943-இல் மக்கல்லக், பிட்ஸ் என்னும் இருவர் நரம்புகளின் தொழிலைத் தர்க்க முறையால் விளக்கியிருந்தனர். அத்தகைய நரம்பு வலைகள் எவ்வகைக் குறித்தொடர்களை இனங்காண வல்லன என்பதை 1951-ஆம் ஆண்டுக் கோடையில் ராண்ட் நிறுவனத்திலிருந்து கிளேனி ஆராய்ந்தார். அவற்றை விவரிக்க மூன்று செயல்களே போதுமெனக் கண்டார். இரண்டில் ஒன்றைக் கொள்ளுதல், ஒன்றன்பின் ஒன்றைத் தொடுத்தல், ஒன்றையே வேண்டுமளவு அடுக்குதல் என்பன அவை. இவற்றாலாகிய சூத்திரமே ரெகுலர் எக்ஸ்பிரஷன். இவ்வாராய்ச்சி 1956-இல் நூலேறிற்று. 1968-இல் கென் தாம்ஸன் அதனைக் கணிப்பொறியில் சொற்களைத் தேடும் கருவியாக்கினார்.

ஆயினும், சூத்திரம் நீளுந்தோறும் குறிகள் நெருங்கிப் படிப்போரை மயக்கும். இதற்குப் பரிகாரம் லிஸ்ப் மொழியில் கிடைத்தது. கிளேனியின் கட்டுரை வெளிவந்த நூலின் பதிப்பாசிரியர் இருவருள் ஒருவராகிய ஜான் மக்கார்த்தி, 1958-இல் அம்மொழியை வகுக்கலானார். லாம்டாவைச் சர்ச்சிடமிருந்தே எடுத்தாண்டார். நிரலையே நிரல் இயற்றும் 'மேக்ரோ' என்னும் உத்தி 1963-இல் அதனுடன் சேர்ந்தது. நான்கு இலக்கம், ஒரு சிறு கோடு, இரண்டு இலக்கம் எனத் தெளிந்த சொற்களால் நாம் பட்டியல் எழுதினால், நிரல் ஓடுமுன்னரே மேக்ரோ அதனைச் சூத்திரமாக மாற்றிவிடும். ஈமாக்ஸ் என்னும் மென்பொருளிலுள்ள 'ஆர்எக்ஸ்' அத்தகையது. ஆசிரியரின் லாம்டாவும் மாணாக்கரின் சூத்திரமும் இங்கு ஒன்றுகூடுதல் காண்க.

மலையேறுதலில் பெருவிருப்புடைய கிளேனி, 1990-இல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். 1994-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் மாடிஸன் நகரில் காலமானார். நரம்பைக் குறித்து வினாவியவருக்கு விடையாய்க் கிடைத்தது, எழுத்தாளும் உலகனைத்துக்கும் கருவியாயிற்று. உண்மையை நாடி உழைப்பார்க்குப் பயன் தானே பின்தொடரும் என்பதற்கு இவர் வாழ்க்கை சான்றாகும்.