சிலை சொல்லாத செய்தி

ஜப்பான் நாட்டுப் பள்ளிக்கூட முற்றங்களிலே ஒரு சிறுவனின் சிலை நின்றது. முதுகிலே விறகுக் கட்டு. கையிலே விரித்த புத்தகம். கால் நடக்கிறது; கண் படிக்கிறது. இன்றும் பல பழைய பள்ளிகளில் அந்தச் சிலையைக் காணலாம். சிறுவனின் பெயர் நினோமியா கின்ஜிரோ. வளர்ந்த பின் நினோமியா சொன்டோகு என்று நாடறிந்தவர். பிறந்தது 1787, மறைந்தது 1856.

இந்தச் சிலையைக் காட்டித்தான் அந்நாட்டு ஆட்சியாளர்கள் ஒரு தலைமுறைக்குப் பாடம் சொன்னார்கள். உழை, படி, சிக்கனமாயிரு, சொன்னதைக் கேள் என்பது அந்தப் பாடம். உழைப்பும் படிப்பும் நல்லவைதாம். வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் சிலை காட்டுவது பாதிக் கதை. விறகு சுமந்த சிறுவன் வளர்ந்து, ஆளற்றுப் போன ஊர்களுக்கு உயிர் கொடுக்க வந்தபோது, முதல் கடிவாளத்தை யாருக்குப் போட்டான்? உழவனுக்கா? இல்லை, வரி வாங்கித் தின்ற பிரபுவுக்கு! அந்த மீதிப் பாதியைத்தான் நாம் இன்று தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஒடவாராப் பகுதியிலே, சகாவா ஆற்றங்கரையிலே, கயாமா என்ற சிற்றூர். அங்கே ஓர் உழவர் வீட்டில் பிறந்தார் நினோமியா. நான்கு வயது நிரம்புமுன், 1791-ல், ஆறு பெருக்கெடுத்துக் குடும்பத்தின் வயல்களை மணல் மேடாக்கிவிட்டுப் போயிற்று. அதைச் சீர்ப்படுத்தப் போராடியே தந்தை நோயாளியானார்; 1800-ல் இறந்தார். 1802-ல் தாயும் போனார். பதினைந்து வயது நிரம்பவில்லை, பையன் அநாதை. தம்பியர் இருவர் தாய்வழி உறவினர் வீட்டுக்குப் போயினர். இவன் பெரியப்பன் வீட்டில் வேலை செய்து சோறு தின்னலானான்.

இரவிலே படிப்பான். விளக்கெண்ணெய் வீணாகிறதென்று பெரியவர் கடிந்தார். பையன் எதிர்த்துப் பேசவில்லை. ஆற்றோரத் தரிசிலே கடுகு இனத்து எண்ணெய் விதையைத் தூவி, விளைந்ததைக் கொடுத்து எண்ணெய் வாங்கினான். நடவு முடிந்து பிறர் எறிந்துவிட்ட நாற்றுகளைப் பொறுக்கி, வெள்ளம் விட்டுப்போன பள்ளத்தில் நட்டான். ஒரு மூட்டை நெல் கிடைத்தது. அந்தப் பள்ளம் தரிசு. ஆகவே அதற்கு வரி இல்லை. விளைந்ததெல்லாம் விளைவித்தவனுக்கே! உழைப்பின் பயன் உழைத்தவன் கையிலே தங்கினால் என்ன நடக்கும் என்பதை அந்த ஒரு மூட்டையிலே கண்டுகொண்டான் சிறுவன். சிறுகச் சிறுகச் சேர்த்து, 1810-க்குள் மூன்று ஏக்கருக்கு மேல் நிலத்தை மீட்டு, இடிந்து கிடந்த குடும்பத்தை மீண்டும் நிறுத்தினான்.

இந்தச் செய்தி ஒடவாரா மேலதிகாரிகளில் ஒருவரான ஹட்டோரியின் காதுக்கு எட்டியது. பெரிய பதவி; அதைவிடப் பெரிய கடன். வீட்டுக் கணக்கைச் சீர்ப்படுத்தித் தர நினோமியாவை அழைத்தார். நினோமியா போட்ட முதல் நிபந்தனை, எஜமானரும் சோறும் சாறும்தான் உண்ணவேண்டும், பருத்தி ஆடைதான் உடுக்கவேண்டும் என்பது. அதே வீட்டு வேலைக்காரர்களுக்குள் ஒரு கைம்மாற்று நிதியையும் ஏற்படுத்தினார். முடிந்தவர் போடுவது, முடியாதவர் எடுப்பது, எடுத்தவர் தவறாமல் திருப்புவது என்பது ஏற்பாடு. கூட்டுறவுக் கடன் சங்கத்தின் முன்னோடி என்று இதை இன்றும் பேசுகிறார்கள்.

ஒடவாராவின் பிரபு ஓகுபோ டடாசானே இவரை ஒரு பெரிய வேலைக்குத் தேர்ந்தார். அவருடைய கிளைக் குடும்பத்துக்கு ஷிமோட்சுகே நாட்டில் சகுராமாச்சி என்ற பகுதி இருந்தது. மூன்று ஊர்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே அங்கே 400-க்கு மேற்பட்ட வீடுகள். ஏறக்குறைய 1,900 மக்கள். நினோமியா போய்ப் பார்த்தபோது இருந்தவை 150 சொச்சம் வீடுகள். மக்கள் 700 சொச்சம். மூன்று ஊர்களும் சேர்ந்து சுமார் 3,000 மூட்டை வரி கட்டிய காலம் போய், 1,000 மூட்டை தேறுவதே அரிதாகிவிட்டது. வயலிலே நாணல். கூரையிலே புல். அடுப்பிலே நரி குட்டி போடும் என்கிறார்களே, அந்த நிலை!

ஏன் இப்படி ஆயிற்று? சோம்பல், சூதாட்டம், குடி என்றார்கள் அதிகாரிகள். அவையும் இருந்தன. ஆனால் நோய்க்குறி வேறு, நோய் வேறு.

நோய் இதுதான். அந்நாளில் ஜப்பானிலே வரி ஆளுக்கு ஆள் தனித்தனியே அன்று. ஊருக்கு மொத்தமாக விதிக்கப்பட்டது. பத்துப் பேர் கட்டவேண்டிய வரி இருக்கும். 1780-களின் பெரும் பஞ்சத்திலே இருவர் சாவர். ஒருவன் எடோ நகரத்துக்குக் கூலி தேடி ஓடுவான். ஓடியவனின் பங்கும் இருப்பவன் தலையிலே விழும். சுமை தாங்காமல் அடுத்தவனும் ஓடுவான். மிஞ்சியவன், பிறக்கும் குழந்தைக்குச் சோறிட வழியின்றிப் பிறந்த கணமே அதன் மூச்சை நிறுத்துவான். நெருங்கி முளைத்த பயிரைப் பிடுங்கிக் கலைப்பதற்கு என்ன சொல்லோ, அதே சொல்லால் அந்தக் கொடுமையை அழைத்தார்கள் அம்மக்கள். கேட்கும்போதே நெஞ்சம் நடுங்குகிறது! மனிதன் குறையக் குறையச் சுமை கூடும். சுமை கூடக் கூட மனிதன் குறைவான். இந்தச் சுழலில் சிக்கிய ஊருக்கு உழைப்பின் பெருமையை உபதேசித்து என்ன பயன்? அதிகம் விளைந்தால் அதிகம் போகும் என்று அறிந்தவன் எதற்காக வியர்வை சிந்துவான்?

நினோமியா ஊரைச் சுற்றினார், வீடுவீடாகப் புகுந்தார், பழைய வரிக் கணக்குகளைப் புரட்டினார். பிறகு பிரபுவிடம் ஒரு கோரிக்கை வைத்தார். பணம் வேண்டாம், வாக்கு வேண்டும் என்றார். ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் மூட்டைதான் பிரபு குடும்பத்துக்கு; அதற்குள் குடும்பம் நடத்தவேண்டும்; பத்தாண்டுக்கு ஒரு மூட்டை கூடுதலாகக் கேட்கக்கூடாது; அதற்கு மேல் விளைவதெல்லாம் ஊரைச் சீர்ப்படுத்தவே செலவாகவேண்டும். இந்த வரம்புக்கு 'புன்டோ' என்று பெயர். ஆளுகிறவனின் வயிற்றுக்கு அளவு குறித்தது அந்தப் புன்டோ. அவருடைய மற்றத் திட்டங்களெல்லாம் அந்த ஆணியிலே மாட்டிய படங்கள்தாம்.

வாக்கு கிடைத்தது. 1823-ல், பாடுபட்டு மீட்ட சொந்த வீட்டையும் நிலத்தையும் விற்றார் நினோமியா. மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு சகுராமாச்சிக்குக் குடியேறினார். திரும்பி வர வீடில்லாதபடி செய்துகொண்டுதான் அடுத்தவன் ஊரை எழுப்பப் போனார். எழுந்து பேசிவிட்டு இரவு வண்டிக்கு ஊர் திரும்புவோர் இதைச் சற்று எண்ணிப்பார்க்கவேண்டும்.

அங்கே என்ன செய்தார்? வாய்க்கால் வெட்டினார், அணை கட்டினார், தரிசு திருத்தினார். நல்ல உழைப்பாளி யார் என்பதை அதிகாரி தீர்மானிக்கவில்லை. ஊராரே கூடிச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தவருக்கு மண்வெட்டி, அரிவாள், வட்டியில்லாக் கடன். சில ஆண்டுத் தவணையிலே கடனைக் கட்டி முடித்தவர் இன்னும் ஒரு தவணை நன்றிப் பணமாகக் கொடுப்பார்; அது அடுத்தவருக்குக் கடனாகும். வட்டிக்காரனின் கணக்குப் புத்தகம் ஊரை விழுங்கிய இடத்திலே, ஊரின் பணம் ஊருக்குள்ளேயே சுழன்றது.

ஆள் வேண்டுமே! காலி வீட்டுக்குக் கூரை போட்டால் மட்டும் ஊராகிவிடுமா? எச்சிகோ, காகா ஆகிய வடக்குப் பகுதிகளில் மக்கள் நெருக்கம், நிலம் போதாது. அங்கிருந்து வந்த ஏழை உழவர்களுக்கு வீடும் கருவியும் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார். பழைய குடிகள் முகம் சுளித்தார்கள். வந்தேறிகளுக்கு இவ்வளவா என்று முணுமுணுத்தார்கள். வந்தவர்களிலும் சிலர் நிலைக்காமல் ஓடினார்கள். எல்லாம் இன்பமயம் என்று நாம் கதை கட்டத் தயாரில்லை.

அவர் வரலாற்றிலே வரும் ஒரு நிகழ்ச்சியைத் தொழிலாளத் தோழர்கள் அறியவேண்டும். தரிசு திருத்தும் இடத்திலே ஒருவன், மேற்பார்வைக்கு ஆள் வரும்போதெல்லாம் வியர்வை சொட்டச் சொட்ட மண்வெட்டியை வீசுவான். வேறொரு முதியவர் மூலையிலே குந்திப் பழைய மரவேர்களைத் தோண்டிக்கொண்டேயிருப்பார். வேர் தோண்டும் வேலை பார்வைக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை அடி நிலம் திருந்திற்று என்று காட்ட முடியாது. மற்றவர் ஓய்வெடுக்கும் நேரத்திலும் முதியவர் கை ஓயவில்லை. ஆடம்பரக்காரனை நினோமியா வெட்கப்பட வைத்தார். வேலை முடிந்து ஊர் திரும்பும்போது முதியவருக்குப் பதினைந்து பொற்காசு தனியே கொடுத்தார். எவரும் விரும்பாத வேலையைச் செய்தவனாலேதான் மற்றவர் வேலை எளிதாயிற்று என்பது அவர் கணக்கு.

எதிர்ப்பு இல்லாமலா? 1827-ல் டொயோடா என்ற அதிகாரி மேலிடத்திலிருந்து வந்தார். உழவன் மகன் உத்தரவிடுவதா என்பது அவர் ஆத்திரம். நினோமியா ஒன்றைச் சொன்னால் டொயோடா அதை மாற்றிச் சொல்வார். காலையிலேயே மதுவும் பலகாரமும் வைத்து அவரை வீட்டோடு இருத்திவிட்டுத்தான் வேலைக்குப் போகவேண்டியிருந்ததாம்! அதுவும் நீடிக்கவில்லை. 1829-ல் நினோமியா எவரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டு மறைந்தார். நாரிட்டாவில் உள்ள கோயிலிலே இருபத்தொரு நாள் உண்ணாநோன்பு இருந்தார். ஊர் திகைத்தது. இருக்கும்போது முணுமுணுத்தவர்களே தேடிப்போய்க் கெஞ்சினார்கள். டொயோடா திருப்பி அழைக்கப்பட்டார். அதற்குப் பிறகுதான் வேலை ஓடியது.

1833-ஆம் ஆண்டு, கோடையின் தொடக்கத்தில் கத்தரிக்காயைக் கடித்த நினோமியா முகம் மாறினாராம். அது பருவம் முடியும் காலத்துக் காயின் சுவையாக இருந்தது. இவ்வாண்டு வெயில் பொய்க்கும் என்று கணித்தார். நெல்லை மட்டும் நம்பவேண்டாம், குதிரைவாலி விதையுங்கள் என்று வீடுவீடாகச் சொன்னார். அவ்வாண்டு தொடங்கிய பஞ்சம் ஜப்பானை ஆண்டுக்கணக்கில் உலுக்கியது. சகுராமாச்சியில் பட்டினிச் சாவு இல்லை. 1837-ல் ஒடவாராவுக்குப் போய் அங்கிருந்த மக்களுக்கும் களஞ்சியத்தைத் திறக்கச் செய்தார். சகுராமாச்சியின் வரி வருவாய் ஏறக்குறைய இருமடங்காயிற்று. தேய்ந்துகொண்டே வந்த மக்கள் தொகை ஏறுமுகம் கண்டது. பழைய 1,900 திரும்பவில்லை. ஆனால் ஓட்டம் நின்றது. நூறாண்டுச் சரிவைப் பத்துப் பதினைந்து ஆண்டிலே நிறுத்துவது சிறிய காரியமா?

இனிதான் நாம் கவனிக்கவேண்டிய பாடம் வருகிறது. அதே 1837-ல் பிரபு டடாசானே இறந்தார். வாக்குக் கொடுத்தவர் போனார், வாக்கும் தளர்ந்தது. ஒடவாரா அதிகாரிகள் தங்கள் செலவுக்கு வரம்பு கட்ட மனமில்லாமல் இழுத்தடித்தார்கள். கடைசியில் 1846-ல் நினோமியாவின் திட்டத்தையே தங்கள் ஆட்சிப் பகுதியில் நிறுத்திவிட்டார்கள். சொந்த மண் அவரைத் தள்ளிற்று.

வடகிழக்கே சோமா என்ற பிரபு நாட்டிலே நேர்மாறாக நடந்தது. நினோமியாவின் மாணவர் டொமிடா டகயோஷி அந்த நாட்டவர். 180 ஆண்டு வரிக் கணக்கை ஆராய்ந்து வரம்பு குறித்தார்கள். பிரபு வீட்டார் அந்த வரம்பை மதித்தார்கள். 1845-ல் தொடங்கி 1871 வரை சுமார் 100 ஊர்களில் வேலை நடந்தது. அதே நினோமியா, அதே முறை, உழவர்களும் அதே வகை. ஓரிடத்திலே வெற்றி, ஓரிடத்திலே முறிவு. வேறுபாடு எங்கே? மேலே உள்ளவன் வரம்புக்குள் நின்றானா, இல்லையா என்பதிலே!

இங்கேதான் நினோமியாவின் குறையையும் சொல்லவேண்டும். பிரபுவின் வாயைக் கட்டினார், பிரபுத்துவத்தைத் தொடவில்லை. வரம்பைப் பிரபுவின் வாக்கிலே வைத்தார். மக்களின் உரிமையாக எழுதி வைக்க அவருக்கு வழியில்லை. காலம் அப்படி. தயவால் கிடைத்ததைத் தயவு மாறும்போது இழக்கத்தான் வேண்டும். 1846-ல் அவர் கண்டது அதைத்தான். மத்திய ஆட்சியினருக்காக நிக்கோ நிலங்களைச் சீர்ப்படுத்தத் திட்டம் எழுதிக் கொடுத்தார். அனுமதி 1853-லேதான் வந்தது. நோயுற்ற உடலோடு ஊர் ஊராக நடந்தார். 1856-ல் இமாஇச்சியிலே கண்மூடினார்.

அவர் மறைந்த பின் நடந்ததைப் பாருங்கள். டொமிடா எழுதிய வரலாறு 1880-ல் மெய்ஜி மன்னரிடம் அளிக்கப்பட்டது. பிறகு பாடப் புத்தகத்திலே ஏறினார் நினோமியா, சிலையானார், 1946-ல் ஒரு யென் நோட்டிலும் முகமானார். உழைப்பு, சிக்கனம் என்ற பாடத்தை ஏழையின் பிள்ளைக்குச் சொன்ன ஆட்சியாளர்கள், ஆளுவோர் செலவுக்கு வரம்பு என்ற பாடத்தை ஒளித்துவிட்டார்கள். போருக்குப் பணம் வாரி இறைத்த காலத்திலே புன்டோவை யார் பேசுவார்? போரின் உலோகப் பசிக்கு, பள்ளியில் நின்ற வெண்கலச் சிறுவர்களில் பலரையே உருக்கக் கொண்டுபோனார்கள்!

சோமா நாட்டின் எல்லைக்குள் இருந்த நாமியே, ஃபுடாபா, ஓகுமா, இடாட்டே ஆகிய ஊர்கள் இன்று ஃபுகுஷிமா மாவட்டத்தில் உள்ளன. 2011 மார்ச்சில் நேர்ந்த அணு உலை விபத்துக்குப் பிறகு அவை காலியாயின. இடாட்டேக்கும் நாமியேவுக்கும் 2017-ல், ஓகுமாவுக்கு 2019-ல், ஃபுடாபாவுக்கு 2022-ல் பகுதி பகுதியாக மக்கள் திரும்ப அனுமதி கிடைத்தது, திரும்பியவர் சிலரே. உலையில்லாத ஊர்களும் தேய்கின்றன. 2040-க்குள் 896 நகராட்சிகளும் ஊர்களும் மறையக்கூடும் என்று 2014-ல் அந்நாட்டு அறிஞர் குழு ஒன்று எச்சரித்தது. ஊருக்குத் திரும்புங்கள் என்று உபதேசிக்க ஆளுண்டு, உதவித்தொகையும் உண்டு.

ஊர் காலியாகும்போது, போனவனைக் குறை சொல்வது எளிது. பட்டணத்துப் பகட்டு, படித்த திமிர், உழைக்கச் சோம்பல் என்று பட்டியல் படிக்கலாம். நினோமியா அந்தப் பட்டியலை மூடி வைத்துவிட்டு வரிக் கணக்கைத் திறந்தார். இருந்தவன் விளைத்ததில் எவ்வளவு ஊரை விட்டுப் போனது, எவ்வளவு ஊரிலே தங்கியது என்று பார்த்தார். அந்தக் கணக்கு சரியான இடத்திலே காலி வீட்டில் அடுப்பு எரிந்தது.

அடுத்த முறை அந்தச் சிலையின் படத்தைக் காணும் தோழர், சிறுவனின் முதுகிலுள்ள சுமையை மட்டும் பார்த்து வியக்கவேண்டாம். அந்தச் சுமை யாருடைய அடுப்புக்குப் போகிறது என்றும் கேட்கட்டும். நினோமியா வாழ்நாளெல்லாம் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.