வாயு இல்லை தாத்தா, இரத்தக்கட்டி!

போன ஆண்டு ஓர் இரவு, புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் தாத்தாவுக்கு நெஞ்சை அடைத்தது. வாயுதான் என்று சொல்லிக் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கப் போனார். அம்மா விடவில்லை. மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு என்றார்கள். தாத்தா பிழைத்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவம் படிக்கும் நான், அதற்குப் பிறகுதான் ஜேம்ஸ் ஹெரிக்கின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

ஹெரிக் 1861இல் அமெரிக்காவின் ஓக் பார்க் ஊரில் பிறந்தவர். முதலில் பள்ளி ஆசிரியர். பிறகுதான் மருத்துவம் படித்து, 1888இல் சிகாகோவில் பட்டம் பெற்றார். அரிவாள் வடிவ இரத்த அணுக்களை 1910இல் மருத்துவ ஏட்டில் விவரித்தவரும் இவரே. அவர் பெயர் நிலைக்க அது ஒன்றே போதும்.

இதயத் தமனி திடீரென அடைத்தால் உடனே மரணம்தான் என்று அப்போது பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினர். ஹெரிக் பார்த்த 55 வயது நோயாளி ஒருவருக்கும் சாப்பிட்ட பிறகுதான் வலி வந்தது. அவர் இரண்டு நாளுக்கு மேல் உயிரோடு இருந்தார். இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது, ஏற்கெனவே குறுகிப்போயிருந்த இடது தமனியை ஓர் இரத்தக்கட்டி முழுதாக அடைத்திருந்தது.

விஷயமே அந்தக் குறுகிய இடத்தில்தான் இருக்கிறது. தமனியின் சுவரில் கொழுப்பு ஆண்டுக்கணக்காகச் சத்தமில்லாமல் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்தால், இரத்தம் அதைக் காயம் என்று எடுத்துக்கொண்டு அங்கேயே உறைகிறது. விரலில் கத்தி பட்டால் நம்மைக் காப்பாற்றுவதும் இதே உறைதல்தான். குறுகிய குழாய்க்குள் நடந்தால், சில நிமிடங்களில் வழி அடைபட்டுவிடும்.

அடைப்பு வந்தும் பிழைக்கலாம், உயிரோடு இருக்கும்போதே அதைக் கண்டுபிடிக்கலாம் என்று 1912இல் மருத்துவர்கள் கூடிய அவையில் ஹெரிக் கட்டுரை படித்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. நானாக இருந்தால் வேறு தலைப்புக்கு ஓடியிருப்பேன். அவரோ அதையே திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். 1918இல் இசிஜி பதிவுகளோடு மறுபடியும் பேசினார். அதன்பிறகுதான் காது கொடுத்தார்கள்.

1954இல், 92 வயதில் அவர் காலமானார். கட்டி மாரடைப்புக்குக் காரணமா, அதன் விளைவா என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. மாரடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள் தமனிகளைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு 1980இல் வெளியானது. பெரும்பாலானவர்களிடம் கட்டி அங்கேயே இருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்துகள் பரவலானதும் அதன்பிறகே.

தாத்தா இப்போது தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். ஹெரிக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, தனக்கு வந்தது வாயுதான் என்று இன்னும் சாதிக்கிறார்.