சுரங்கத்தில் இறங்கிய பேனா

நாவலாசிரியன் கதையின் நடுவே வந்து நின்று தன் கொள்கையை முழங்கத் தேவையில்லை. எதைக் காட்டுகிறான், எதை மறைக்க மறுக்கிறான், அதிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிரெஞ்சு நாட்டு எமிலி ஜோலாவைப் பாருங்கள்!

1840-ல் பாரிசில் பிறந்தார். தந்தை இத்தாலியிலிருந்து வந்த பொறியாளர். மகனுக்கு ஏழு வயது நிறையுமுன் கண்மூடினார். வறுமை வந்தது. தேர்விலும் தோல்வி. சுங்கக் கிடங்கு அலுவலகத்தில் மாதம் 60 பிராங்குக்கு எழுத்து வேலை. பிறகு ஒரு புத்தகக் கம்பெனியிலே பார்சல் கட்டும் வேலை. பசி இன்னதென்று படித்தறிந்தவரல்லர்!

1877-ல் 'லசொம்மார்' வெளிவந்தது. பாட்டாளிக் குடும்பம் ஒன்று சாராயத்தில் மூழ்கி அழியும் கதை. மேட்டுக்குடியினர் அசிங்கம் என்றனர். தொழிலாளரின் நண்பர்களிலேயே சிலர், உழைப்பவனை இழிவுபடுத்திவிட்டார் என்று சீறினர். கோபம் புரிகிறது, ஆனால் கதையைப் படித்தவர் அப்படிச் சொல்வரோ? கூப்போ கூரைத் தகடு வேய்பவன். குடித்திருந்த தந்தை கூரையிலிருந்து விழுந்து மாண்டதை எண்ணியே சாராயத்தைத் தொடாதவன். அவனும் வேலையிலே விழுகிறான், காலொடிகிறது. சலவைக்காரி மனைவி ஜெர்வேஸ் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு வைத்தியத்திலே கரைகிறது. அதன் பிறகே கோப்பை அவன் கைக்கு வருகிறது! குடியை மறைத்திருந்தால், கூரையிலிருந்து விழுந்தவனின் கதியையும் அல்லவா மறைத்திருக்க வேண்டும்?

அந்த நாவல் பணத்தைக் கொட்டியது. மேடான் கிராமத்தில் வீடு வாங்கினார். சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கலாம், சாயவில்லை.

1884 பிப்ரவரி. வடக்கே ஆன்சான் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். 56 நாள் நீடித்த போராட்டம். ஜோலா ரயிலேறினார். கூட்டங்களில் கேட்டார், குடிசைகளில் குறிப்பெடுத்தார், சுரங்கத்துக்குள்ளும் இறங்கினார். மறு ஆண்டு பிறந்தது 'ஜெர்மினல்'.

அதிலே முதலாளியைக் கோரைப்பல் அரக்கனாகத் தீட்டியிருக்கலாம். கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் தீட்டியதோ கிரெகுவார் தம்பதியை. நல்லவர்கள், சாந்தமானவர்கள்! கொள்ளுத் தாத்தா வாங்கிய சுரங்கப் பங்கிலே குந்தித் தின்பவர்கள். சுரங்கத் தொழிலாளி மாயுவின் மனைவி பிள்ளைகளோடு வந்து ஐந்து பிராங்கு கேட்கிறாள். பணம் தருவது அவர்கள் வழக்கமில்லையாம். பழைய கம்பளித் துணியும், குழந்தைகளுக்கு இனிப்பு ரொட்டித் துண்டும் தந்து அனுப்புகிறார்கள். வசைச்சொல் ஒன்றுகூட அங்கே இல்லை. படிப்பவன் நெஞ்சோ பற்றி எரிகிறது!

கம்பெனியின் கணக்கையும் விடவில்லை. முட்டுக்கட்டை வேலைக்குத் தனிக்கூலி என்று கூறி, கரி வண்டிக்கான கூலியைக் குறைக்கும் தந்திரம்! கூலிக் கணக்கு பார்த்துப் பழகியவருக்கு இது விளங்காதா? வேலை நிறுத்தம் வெடிக்கிறது, சிப்பாய்கள் சுடுகிறார்கள், மாயு சாகிறான். போராட்டம் தோற்கிறது. பொய் வெற்றி சூட்ட ஜோலாவுக்கு மனமில்லை. மாயுவின் மனைவியே கடைசியில் சுரங்கத்துக்குள் இறங்குகிறாள், மிஞ்சிய பிள்ளைகளின் வயிற்றுக்காக. இந்தக் காட்சியை எழுதத் துணிந்தவரைத்தான் நான் பெரியவர் என்பேன்.

மறைக்க மறுத்த அந்தக் குணம் நாவலோடு நிற்கவில்லை. டிரைபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி, செய்யாத துரோகத்துக்காக 1894-ல் தண்டிக்கப்பட்டுத் தீவுச் சிறையில் வாடினார். ராணுவம் உண்மையைப் புதைத்தது. 1898 ஜனவரி 13-ல் ஏடொன்றில் குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, குற்றவாளிகளைப் பெயர் சொல்லிச் சுட்டினார் ஜோலா. பரிசு? ஓராண்டுச் சிறை, 3,000 பிராங்கு அபராதம். இங்கிலாந்துக்குச் சென்றார், 1899-ல் திரும்பினார். டிரைபஸ் முழு விடுதலை பெற்றது 1906-ல். அதைக் காண ஜோலா இல்லை.

1902 செப்டம்பர் 29. படுக்கையறையில் புகைபோக்கியின் நச்சுப்புகை அவர் உயிரைக் குடித்தது. அக்டோபர் 5-ல் இறுதி ஊர்வலம். டிரைபஸ் வந்திருந்தார். வடக்கிலிருந்து சுரங்கத் தொழிலாளர்களும் வந்திருந்தனர். அந்தப் புத்தகத்தின் பெயரை, அந்த ஒற்றைச் சொல்லை, மீண்டும் மீண்டும் முழங்கியபடியே அவர்கள் நடந்தார்கள்.