வைரத்திற்கு அளவு கண்ட இளைஞர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அப்படி அறுத்த வைரத்தை ஒளிரச் செய்வது எது? கணக்கு! இதை உலகிற்குத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் மார்செல் டோல்கோவ்ஸ்கி. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. இருபது வயதில் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு திகைக்கும் எனக்கு இது பெரும் வியப்பாக இருக்கிறது.

1899ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரில் மார்செல் பிறந்தார். வைரத் தொழிலுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்ற நகரம் அது. போலந்துப் பகுதியிலிருந்து அங்கு வந்து குடியேறிய அவரது யூதக் குடும்பமும் வைரம் தீட்டும் குடும்பமே. சாணைச் சக்கரத்தின் ஓசை அவருக்குப் புதிதன்று. ஆனால் அவர் சக்கரத்தின் முன் அமர்வதோடு நின்றுவிடவில்லை. லண்டன் சென்று பொறியியல் பயின்று பி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

வைரத்தை எடை போட்டு விற்பார்கள். ஆகவே எடை குறையாமல் தீட்டுவதே கெட்டிக்காரத்தனம் என்று பலரும் எண்ணினர். கோல்கொண்டா நாட்டுச் சுரங்கம் தந்ததாகச் சொல்லப்படும் கோஹினூர், 1851இல் லண்டன் பொருட்காட்சியில் வைக்கப்பட்டபோது, இதற்கா இத்தனை புகழ் என்று மக்கள் முகம் சுளித்தனர். மறு ஆண்டே அதை மீண்டும் தீட்டினர். பாதிக்குச் சற்றுக் குறைவான எடை தூளாகிப் போயிற்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹென்றி மோர்ஸ் என்பவரும் எடையைவிட அழகே பெரிது என்று தீட்டிக் காட்டினார். ஆயினும் எந்த அளவில் தீட்டினால் ஒளி மிகும், ஏன் மிகும் என்ற கேள்வி எஞ்சி நின்றது.

இக்கேள்விக்கு டோல்கோவ்ஸ்கி 1919இல் லண்டனில் வெளியிட்ட ‘டைமண்ட் டிசைன்’ என்ற சிறு நூலில் விடை தந்தார். அவர் கையாண்ட கருவி, நாம் வகுப்பில் படிக்கும் ஒளிவிலகல் விதியேயாகும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.417, மாறுநிலைக் கோணம் 24 பாகை 26 கலை. கல்லுக்குள் நுழைந்த ஒளி, அதைவிடப் பெரிய கோணத்தில் பட்டையின் மீது விழுந்தால் வெளியேற இயலாது; முழு அக எதிரொளிப்பு அடையும். அடிக்கூம்பு மிகவும் தட்டையாக இருந்தால் ஒளி கீழ்வழியே ஒழுகிவிடும். மிகவும் ஆழமாக இருந்தாலோ, ஒரு பக்கத்தில் எதிரொளித்த கதிர் மறுபக்கத்தில் தப்பிவிடும். கல்லின் நடுவே இருள் தோன்றும். இரு பக்கமும் எதிரொளித்து மேல்வழியே திரும்பி வந்தால்தான் கல் ஒளிரும்.

இதற்கு ஏற்ற அடிக்கோணம் 40 பாகை 45 கலை என்று அவர் கணக்கிட்டார். மேலேயுள்ள மகுடத்தின் கோணம் 34 பாகை 30 கலை. வெண்மையான ஒளி மட்டும் போதாது. வானவில் வண்ணமும் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். இரண்டுக்கும் நடுவே கண்ட சமன் இது. கல்லின் விட்டத்தை 100 என்று கொண்டால், தட்டையான மேல்முகம் 53, மகுட உயரம் 16.2, அடிக்கூம்பின் ஆழம் 43.1; ஆக மொத்த உயரம் 59.3. உருண்டை வைரத்தின் வடிவம் இவ்வாறு எண்களாயிற்று.

தோழர்களே, அவர் அடுத்துச் செய்ததே என் நெஞ்சைத் தொட்டது. அனுபவசாலிகள் நன்கு தீட்டிய கற்களை அளந்து, தம் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் நெருங்கியே இருந்தன! சமன்பாடு அறியாத தொழிலாளியின் கண், சமன்பாடு சொன்ன இடத்திற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாண்டு வகுப்பில் தந்தையின் தொழில் என்ன என்று ஆசிரியர் வினவியபோது, விவசாயம் என்று சொன்னேன். அது பொய். என் தந்தையார் திருச்சிராப்பள்ளிக்கு அருகே ஒரு சிற்றூரில், அமெரிக்கன் டைமண்ட் என்று வழங்கும் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுபவர். கூலி கல் கணக்குக்கு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அவர் விரல் நுனிகளின் தேய்வைக் காண எனக்கு வெட்கமாக இருந்தது.

டோல்கோவ்ஸ்கியைப் படித்த பின், விடுமுறையில் அவர் தீட்டிய பெரிய கல் ஒன்றைக் கோணமானியில் வைத்துப் பார்த்தேன். அடிக்கோணம் ஏறத்தாழ 41 பாகை. அந்தக் கல்லின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.16. தாளில் கதிர் வரைந்து பார்த்தேன்; இருமுறை எதிரொளித்து மேலேயே வந்தது. அப்பாவிடம் காட்டினேன். தாளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். கொஞ்சம் சாய்ந்தாலும் கல் செத்துவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு மீண்டும் சக்கரத்தின் முன் அமர்ந்தார்.

டோல்கோவ்ஸ்கி பின்னாளில் அமெரிக்காவில் வாழ்ந்து, 1991இல் நியூயார்க்கில் மறைந்தார். பிற்காலத்தில் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்தோர், வேறு சில அளவுகளிலும் வைரம் நன்கு ஒளிரும் என்று காட்டினர். அதனால் அவர் புகழ் குன்றவில்லை. ஏன் என்று கேட்டுக் கணக்கால் விடை கண்ட பெருமை என்றும் அவருடையதே.

வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்ததை மறைக்காமல், அத்தொழிலையே அறிவியலாக்கினார் அவர். நானும் என் வகுப்புப் பதிவேட்டைத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். தந்தையின் தொழில்: பட்டை தீட்டுதல்.