20 வயது வரை ஆங்கிலம் தெரியாது... ஆங்கில நாவலாசிரியர் ஆனது எப்படி? ஜோசப் கான்ராட்டின் கதை

ஆங்கிலத்தில் பேசும்போது உச்சரிப்பு சறுக்கிடுமோ, யாராவது சிரிச்சிடுவாங்களோன்னு தயங்கியிருக்கீங்களா? அப்படின்னா ஜோசப் கான்ராட்டைப் பற்றித் தெரிஞ்சுக்கணும். ஆங்கிலத்தின் முக்கியமான நாவலாசிரியர்களில் ஒருவரான இவருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழிதான்.

யார் இந்த கான்ராட்?

1857 டிசம்பர் 3-ம் தேதி, இன்றைய உக்ரைனில் உள்ள பெர்டிசிவ் நகரில் ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்தார். அந்தப் பகுதி அப்போது ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. போலந்து விடுதலைக்காக இயங்கிய அப்பாவை, ரஷ்ய அரசு குடும்பத்தோடு வடக்கே வோலோக்டாவுக்கு நாடு கடத்தியது. 11 வயதுக்குள் அம்மா, அப்பா இருவரையும் இழந்தார். தாய்மாமாதான் ஆளாக்கினார்.

வீட்டில் போலிஷ். கூடவே சின்ன வயசிலேயே பிரெஞ்சும் வந்துவிட்டது. 16 வயதில் கப்பல் வேலைக்காக பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக்குப் போனபோது மொழி ஒரு தடையாகவே இல்லை. 1878-ல் பிரிட்டிஷ் கப்பல் ஒன்றில் ஏறி, லோவெஸ்டாஃப்ட் துறைமுகத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு 20 வயது. தெரிந்த ஆங்கிலம் சில சொற்கள்தான்.

எது ஈஸி, எது கஷ்டம்?

இலக்கணத்தைப் பார்த்தால் ஆங்கிலம் ஈஸிதான். போலிஷில் பெயர்ச்சொல்லுக்கு 7 வேற்றுமைகள் உண்டு. பிரெஞ்சில் மேசை, நாற்காலிக்குக்கூட ஆண்பால், பெண்பால் பார்க்கணும். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

சிக்கல் உச்சரிப்பில்தான். போலிஷில் பெரும்பாலும் எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம். அழுத்தமும் பொதுவாகக் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ஆங்கிலத்தில் அது சொல்லுக்குச் சொல் மாறும். 'டஃப்', 'த்ரூ' இரண்டிலும் ஓ, யு, ஜி, ஹெச் என்ற அதே 4 எழுத்துகள் உண்டு. ஆனா ஒலி வேற வேற. காரணம்? அச்சு இயந்திரம் வந்த பிறகு எழுத்துக்கூட்டு கிட்டத்தட்ட நிலைத்துவிட்டது. உச்சரிப்போ தொடர்ந்து மாறியது.

கப்பலில் இருந்து நாவலுக்கு

மாலுமிகளின் பேச்சைக் கேட்டும், கையில் கிடைத்ததைப் படித்தும் கற்றுக்கொண்டார். கப்பல் அதிகாரிக்கான தேர்வுகளை 1880, 1884, 1886-ல் படிப்படியாக முடித்து, கேப்டன் தகுதி பெற்றார். அதே 1886-ல் பிரிட்டிஷ் குடியுரிமையும் கிடைத்தது. நம்ம சென்னைக்கும் வந்திருக்கிறார்! 1884-ல் கேப்டனோடு ஏற்பட்ட மோதலால் இங்கே கப்பலை விட்டு இறங்கி, ரயிலில் பம்பாய் போனார்.

முதல் நாவல் 1895-ல் வந்தது, 37 வயதில். பிறகு 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்', 'லார்ட் ஜிம்' என எல்லாமே ஆங்கிலத்தில். ஆனா பேச்சில் மட்டும் போலிஷ் வாடை கடைசிவரை போகவே இல்லை. சிறுவயதில் கற்ற பிரெஞ்சை நல்ல உச்சரிப்போடு பேசினார். 20 வயதுக்கு மேல் கற்ற ஆங்கிலம், எழுத்தில் வசப்பட்ட அளவுக்கு நாக்கில் வசப்படவில்லை. அதற்காக அவர் எழுதுவதை நிறுத்தவும் இல்லை.

1924 ஆகஸ்ட் 3-ம் தேதி இங்கிலாந்தில் காலமானார். கல்லறை கேன்டர்பரியில் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லில், 'தியோடர்' என்ற அவரது போலிஷ் பெயரைத்தான் தப்பாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்!