முத்துசாமி தீட்சிதரும் அவர்தம் நோட்டுச் சாகித்தியங்களும்

மலையை நோக்கி வருவோர் அதன் சிகரத்தையே காண்பர்; அடிவாரத்தில் மலர்ந்திருக்கும் சிறு பூவைக் காண்பார் சிலரே. பெரியோர் இயற்றியவற்றுள்ளும் பெரியனவே போற்றப்படுகின்றன, சிறியன மறக்கப்படுகின்றன. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசாமி தீட்சிதரின் சரித்திரத்தில் அவ்வாறு மறைந்து கிடக்கும் ஒரு பகுதியை நம் கலாசாலை அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

திருவண்ணாமலையில் வாழும் நமக்குத் தீட்சிதர் அயலார் அல்லர். ஐம்பூதத் தலங்கள் ஐந்தின்மீதும் கிருதிகள் இயற்றிய அவர், தேயுத் தலமாகிய இவ்வூர்ப் பெருமானைச் சாரங்க ராகத்தில் ‘அருணாசலநாதம்’ என்னும் கிருதியாற் பாடினார். இவ்வூரைப் பாடிய அந்நாவே, சென்னைக் கோட்டையில் வெள்ளையர் முழக்கிய பாண்டு வாத்திய மெட்டுகளுக்கும் சாகித்தியம் செய்தது என்றால் வியவாதார் யார்?

தீட்சிதர் 1775ஆம் ஆண்டில் திருவாரூரிற் பிறந்தார் என்பர். 1762இற் பிறந்த சியாமா சாஸ்திரிகளும் 1767இற் பிறந்த தியாகராஜ சுவாமிகளும் அவ்வூரினரே. தீட்சிதரின் தந்தையார் இராமசாமி தீட்சிதர், ஹம்ஸத்வனி ராகத்தை வகுத்தவர் எனப் புகழ்பெற்ற வித்துவான். சின்னசாமி, பாலுசாமி என்னும் இருவர் தம்பியர். சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில் வாழ்ந்த முதலியார் குடும்பத்தார் இராமசாமி தீட்சிதரை ஆதரித்தமையால், குடும்பம் முழுவதும் திருவாரூரை விட்டு அவ்வூரிற் குடியேறிற்று.

மணலி முதலியார்கள் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷி உத்தியோகம் பார்த்தவர்கள். அவர்களால் இளைஞராகிய தீட்சிதச் சகோதரர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையின் பாண்டு சங்கீதத்தைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. ஐரோப்பிய வாத்தியமாகிய பிடிலில் மனம் பதிந்த பாலுசாமி, அதனை ஓர் ஐரோப்பியரிடம் பயின்று, நம் சங்கீதத்திற்கு இசைவித்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரி அரிது. அவ்வழக்கத்திற்கு வித்திட்ட முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

தமையனாரோ மெட்டுகளைக் கைக்கொண்டார். தாம் கேட்ட ஆங்கில, ஐரிஷ் மெட்டுகளுக்குப் பெரும்பாலும் வடமொழியிற் சொற்கள் அமைத்து, ஏறத்தாழ நாற்பது சிறு பாட்டுகளை ஆக்கினார். இவையே நோட்டுச் சுர சாகித்தியங்கள் எனப்படுவன. வெள்ளையர் மெட்டின் ஏழு சுரங்களும் நம் சங்கராபரண மேளத்தின் சுரங்களோடு ஒத்திருத்தலின் அனைத்தும் அதில் அடங்கின. எனினும் சங்கராபரணத்திற்கு உயிராகிய கமகம் இவற்றில் இல்லை. சுரங்கள் அசைவின்றி நேராக நிற்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கிருதியின் அங்கங்களும் இல்லை. ஆகவே சிறுவரும் எளிதிற் பாடலாம். ‘சக்தி ஸஹித கணபதிம்’ என்பதை இன்றும் பல பிள்ளைகள் முதற் பாடமாகப் பயில்கின்றனர்; அது கோட்டைப் பாண்டின் வழிவந்தது என்பதை அவருள் அறிந்தார் சிலரே.

இவற்றுள் ஒன்றை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டிலேயே ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்னும் பாட்டை அவர் அமைத்தார். அக்காலத்தில் அம்மெட்டு ஆளவந்தோரின் முரசாகும். 1799இல் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தது; 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சி கம்பெனியார் கைக்குச் சென்றது. அத்தகைய நாளில் அம்மெட்டை வெறுத்து ஒதுக்குதலும் எளிது. அடிபணிந்து அவ்வாறே பாடுதலும் எளிது. தீட்சிதர் இரண்டும் செய்திலர். இசையைக் கொண்டார், மன்னர் துதியை விடுத்துச் சியாமளா தேவியின் துதியை அதில் வைத்தார். எதைக் கொள்வது, எதை விடுவது என்பதை அவரே நிர்ணயித்தார்.

அயலிசையைக் கேட்கும் செவி அவருக்கு வடநாட்டிலும் பயன்பட்டது. சிதம்பரநாத யோகியாருடன் காசி சென்று அங்குச் சில ஆண்டுகள் தங்கிய அவர், இந்துஸ்தானி சங்கீதத்தைச் செவியாரப் பருகினார். அதன் சாயலை யமுனா கல்யாணி, துவிஜாவந்தி முதலிய ராகங்களில் அமைந்த அவர் கிருதிகளிற் காணலாம். மீண்டு வந்தபின் திருத்தணியிற் பாடத் தொடங்கி, குருகுஹ என்னும் முத்திரையுடன் கமலாம்பா நவாவரணம், நவக்கிரகக் கிருதிகள் முதலியவற்றை இயற்றினார். தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவர்தம் மாணாக்கர். 1835ஆம் ஆண்டுத் தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்தில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் சமாதி அங்கே உளது.

நோட்டுச் சாகித்தியங்களை விளையாட்டென்று ஒதுக்குவாரும் உளர். கிருதிகளின் ஆழம் இவற்றிற்கு இல்லை என்பது மெய்யே. ஆயினும் அவர் மரபினர் இவற்றை அழியவிடவில்லை. பாலுசாமியின் சுவீகார புத்திரராகிய சுப்பராம தீட்சிதர், 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலை வெளியிட்டபின், 1905இல் வெளிவந்த பிரதமாப்யாச புஸ்தகத்தில் முப்பதுக்கு மேற்பட்ட நோட்டுப் பாட்டுகளைச் சேர்த்துக் காத்தார். அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் வாழும் கண்ணிக்ஸ் கண்ணிகேஸ்வரன் இவற்றை இளஞ்சிறார் குரலில் இசைத்தட்டாக்கியுள்ளார்.

மிஷன் கலாசாலையிற் பயில்வோர் இங்கு மற்றொருவரையும் நினைத்தல் தகும். 1774இற் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பயின்று, தஞ்சையில் விளங்கிய வேதநாயக சாஸ்திரியார், மேனாட்டார் கொணர்ந்த கிறிஸ்து சமயத்தை நம் ராக தாளங்களிற் பாடினார். அதே தலைமுறையினராகிய தீட்சிதர், மேனாட்டார் கொணர்ந்த மெட்டில் நம் தெய்வங்களைப் பாடினார். இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தனர். இருவரும் தம் பக்தியை இழந்திலர்.

ரமணாசிரமத்தின் வாயில் வழியே செல்லும் கிரிவலப் பாதையில் இன்று பல தேசத்தாரும் நடக்கின்றனர். அவர்தம் மொழியும் இசையும் நம் செவியில் விழுகின்றன. நம் கலாசாலையிலும் நாள்தோறும் பிறநாட்டுக் கல்வியைப் பெறுகின்றோம். அஞ்சியோ மயங்கியோ அதனை ஏற்பின் பயனில்லை. தன் வீட்டில் உறுதியாக நிற்பவனே அயலான் பாட்டைத் துணிந்து பாட வல்லான் என்பதற்கு அருணாசலநாதனைப் பாடிய அப்பெரியாரின் இச்சிறு பாட்டுகளே சான்றாகும். இசை பயிலும் மாணாக்கர் அவற்றுள் ஒன்றையேனும் கற்று, நம் கலாசாலை விழாவிற் பாடுவாராக.