கணித மேதையின் வயிற்று நோய்

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் தினமும் போய்வருகிறோம். இங்கிலாந்திலிருந்து 1919-இல் நோயாளியாகத் திரும்பிய கணித மேதை சீனிவாச இராமானுஜன், அந்தச் சாலையில் ஒரு வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தார்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தவர். இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தார். அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. 1906-இல் பச்சையப்பன் கல்லூரியில் படிக்கச் சென்னை வந்தபோது சீதபேதி தாக்கி, ஊர் திரும்பினார். பிறகு தேறிவிட்டார், அல்லது தேறியதாகத் தோன்றியது.

1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். 1917-இல் படுக்கையில் விழுந்தார். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, உடல் இளைத்தது. வயிற்றுப்புண் என்றார்கள், காசநோய் என்றார்கள், கல்லீரல் புற்றுநோயோ என்றும் சந்தேகித்தார்கள். 1994-இல் பழைய குறிப்புகளை ஆராய்ந்த டாக்டர் யங், அது அமீபாவால் கல்லீரலில் உண்டான சீழ்க்கட்டி என்றார். அசுத்தத் தண்ணீரோடு குடலில் நுழையும் அமீபா, ரத்தத்தின் வழியே கல்லீரலுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் பதுங்கிக் கிடக்கும். யங் கருத்துப்படி, பழைய சீதபேதியே இதற்கு வேர். கல்கத்தாவில் 1912-இலேயே லியோனார்டு ரோஜர்ஸ் இந்நோய்க்கு எமெட்டின் ஊசி போட்டுவந்தார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இராமானுஜனின் அறிவு மட்டும் மங்கவில்லை. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. மதரஸாவில் நாம் பெயர் கேட்டு வளர்ந்த இப்னு சீனாவுக்கு, ஹிஜ்ரி 428-இல் கடைசி நோயாக வந்த கடும் வயிற்றுவலியோடு வலிப்பும் வந்ததாக அவருடைய மாணவர் எழுதிவைத்திருக்கிறார்.

குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஷிகெல்லா கிருமியின் ரத்தபேதி, டைபாய்டு, குடல்வால் வெடித்துப் பரவும் சீழ் ஆகியவற்றில் மூளையும் பாதிக்கப்படலாம். பிள்ளை எழுப்பினாலும் எழாமல் தூங்கும், பிதற்றும், தாயை அடையாளம் தெரியாமல் விழிக்கும், வலிப்பு வரும். நம் வீட்டுப் பெரியவர்கள் இதை மாந்தம் என்பார்கள். ஓதிய தண்ணீர் கேட்டு என்னிடமும் வருகிறார்கள். ஓதித் தருகிறேன், ஆனால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கச் சொல்கிறேன். பிள்ளை வலிப்பில் இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது ஓதிய தண்ணீராக இருந்தாலும்.

1920 ஜனவரியில் இராமானுஜன் தம் புதிய கண்டுபிடிப்பைக் கேம்பிரிட்ஜுக்குக் கடிதமாக எழுதினார். வலியோடு படுத்தபடியே சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் மறைந்தபோது வயது 32.